தங்கவயலும் ஒரு கண்ணாடி அலமாரியும்

வீட்டில் சின்னதாக ஒரு 'பார்' வைக்க நினைப்பவர் முதலில் பாட்டில்களுக்குச் செலவழிக்கிறார். அடுத்து தச்சரைக் கூப்பிட்டு அலமாரிக்கு. கண்ணாடிக் கோப்பைகளின் முறை கடைசியில்தான் வருகிறது. கல்யாணத்தில் யாரோ பரிசளித்த பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினால் ஆறில் நாலு மிஞ்சியிருக்கும். அதில் ஒன்றுக்கு விளிம்பு உடைந்திருக்கும். இந்த வரிசை தப்பு என்பதைத் தெரிந்துகொள்ள கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் தென்னிந்தியாவில் இருக்க முடியாது.

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே காலூன்றியபோது கூடவே ஒரு வாழ்க்கை முறையும் வந்து இறங்கியது. சுரங்கத்தை நடத்த இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுபவசாலிகள் வந்தார்கள். சுற்றிலும் தோட்டம் வைத்த பங்களாக்கள், கோல்ஃப் மைதானம், ஊரிகத்தில் ஐரோப்பியருக்கான கிளப் என்று ஊரே மாறி 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரெடுத்தது. ஒரு பங்களாவின் தரத்தை அதன் சைட்போர்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற காலம் அது. விஸ்கிக்கு ஒன்று, ஷெர்ரிக்கு ஒன்று, போர்ட்டுக்கு ஒன்று என்று கோப்பைகளுக்குள்ளும் ஒரு சாதி அடுக்கு இருந்தது.

சாதி என்ற சொல் இங்கே சும்மா வந்து விழவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களில் தலித்துகள் மிக அதிகம். ஊர் டீக்கடையில் தங்களுக்கென்று தனியாக வைத்த குவளையை விட்டு வந்தவர்கள், இங்கே துரை வீட்டின் மெல்லிய கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினார்கள். அவர்கள் குடித்தது சாராயக்கடையில். தங்கவயலின் இன்னொரு வரலாறும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசருக்கு மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. பௌத்தத்தின் ஐந்தாவது சீலம் போதை தருவதைத் தொடாதே என்கிறது. துரைமார் எந்தக் கோப்பையில் எதை ஊற்றுவது என்று பார்த்துக்கொண்டிருந்த அதே ஊரில், தொழிலாளர் குடியிருப்பில் கோப்பையையே வேண்டாம் என்று ஒரு கூட்டம் சபதம் எடுத்துக்கொண்டிருந்தது. மது அலமாரியைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டாவது கூட்டத்தை விட்டுவிடுவது நியாயமல்ல.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்த ஊர், வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் ஊராகிவிட்டது. துரைமார் வாழ்க்கையின் மிச்சமாகப் பழைய டிகாண்டர் ஒன்று எங்காவது பழைய சாமான் கடையில் அகப்பட்டால், வாங்குவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் அந்தக் கனமான கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற தயாரிப்பு முறையின் வாரிசு அது. ஐரோப்பிய விதிப்படி 'லெட் கிரிஸ்டல்' என்று பெயர் வைக்கக் குறைந்தது 24 சதவீதம் ஈய ஆக்சைடு வேண்டும். ஒளியை வாரி இறைப்பதும் மணி போல ஒலிப்பதும் ஈயத்தின் கைங்கரியம். ஆனால் அந்த ஈயம் மதுவுக்குள்ளும் கசிகிறது. ஈயக் கண்ணாடி டிகாண்டரில் மாதக்கணக்கில் வைத்த போர்ட் ஒயினிலும் பிராந்தியிலும் ஈயம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதை 1991இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஒரு மாலை ஊற்றி, அன்றே குடித்து, கழுவிக் கவிழ்த்தால் கசிவு குறைவு. பாட்டிலாகப் பாவித்து உள்ளே ஊற்றி மூடி வைப்பதுதான் ஆபத்து. பழைய டிகாண்டர் அலங்காரத்துக்கு இருக்கட்டும். இன்று ஈயமில்லாத கிரிஸ்டலே தாராளமாகக் கிடைக்கிறது.

சரி, என்னதான் வாங்குவது? கடைக்காரரிடம் விட்டால் பன்னிரண்டு வகை சொல்வார். சாதாரண வீட்டுக்கு மூன்று போதும். அடி கனத்த குட்டையான டம்ளர், 250 முதல் 300 மில்லி கொள்ளக்கூடியது. விஸ்கிக்கும் ரம்முக்கும் அது. சோடாவோ டானிக்கோ கலப்பவர்களுக்கு 300 மில்லிக்குக் குறையாத உயரமான டம்ளர். எலுமிச்சை ஜூஸுக்கும் மோருக்கும்கூட அதுவே ஆகும் என்பதால் குடிக்காத விருந்தாளிக்கும் அதே கண்ணாடியில் மரியாதை செய்யலாம். மூன்றாவது, காம்பு வைத்த ஒயின் கோப்பை. காம்பு அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளங்கைச் சூடு மதுவுக்குப் போகக்கூடாது என்பதுதான் அதன் வேலை. வாய் குறுகி வயிறு பருத்திருந்தால் வாசனை உள்ளேயே நிற்கும். ஒயின் ருசி பார்ப்பவர்களுக்கென்று 1977இல் சர்வதேசத் தர அமைப்பு வகுத்த கோப்பை வெறும் 215 மில்லிதான். பூஜாடி அளவில் விற்கப்படும் ஒயின் கோப்பைகளை நம்பி ஏமாற வேண்டியதில்லை. விஸ்கியை முகர்ந்து பார்த்துக் குடிக்கும் ரசிகர்களுக்கு ஸ்காட்லாந்தின் கிளென்கெய்ர்ன் கோப்பை இருக்கிறது. அது சந்தைக்கு வந்த ஆண்டும் 2001.

கடையில் கோப்பையை எடுத்ததும் விலைச்சீட்டைப் பார்க்காமல் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். மலிவான கண்ணாடியின் விளிம்பு உருண்டு தடித்திருக்கும். நல்லதில் மெல்லியதாக, வெட்டி மெருகேற்றியதாக இருக்கும். உதட்டில் படுவது அதுதான். அடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பது. தட்டையான இடத்தில் வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பது. ஃபிரோசாபாத் சரக்கிலிருந்து தாய்லாந்து சரக்குவரை எல்லாவற்றுக்கும் இந்தப் பரிசோதனை பொருந்தும். பெட்டியாக விற்பதைவிட உதிரியாகக் கிடைக்கும் மாடலே மேல். ஒன்று உடைந்தால் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

தங்க விளிம்பு வைத்த கோப்பைகள் மேல் தமிழர்களுக்குத் தனி மோகம். தங்கவயல்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தத் தங்கம் மயிரிழையைவிட மெல்லிய பூச்சு. கம்பி நாரால் நாலு முறை தேய்த்தால் போயே போய்விடும், மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். கண்ணாடியில் தங்கம் உண்மையிலேயே வேலை செய்வது வேறு இடத்தில். உருகும் கண்ணாடியில் துளியளவு தங்கம் கலந்து பக்குவமாகச் சூடேற்றினால் மாணிக்கச் சிவப்பு வரும். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் யோஹான் குங்கெல் கைவரப்பெற்ற வித்தை அது. நம்மூர் பஜாரில் சிவப்பாகக் கிடைப்பதெல்லாம் அதுவென்று நம்ப வேண்டாம். பல வெறும் சாயப்பூச்சு.

துணைச் சாமான்களில் தலையாயது மிக மலிவானது: பெக் அளவு. ஒரு பக்கம் 30 மில்லி, மறுபக்கம் 60 மில்லி கொள்ளும் எவர்சில்வர் குப்பி. வீட்டில் குடிப்பவர்கள் இதைத்தான் வாங்குவதில்லை. 'கை அளவு' தெரியும் என்பார்கள். கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அகலமான குட்டை டம்ளரில் ஊற்றினால் எப்போதும் கொஞ்சமாகவே தோன்றும். ஒல்லியான உயரக் கோப்பையில் அதே அளவு நிறையத் தெரியும். குட்டை டம்ளரில் கண் போன போக்கில் ஊற்றியவர் இரண்டு பெக் என்று கணக்குச் சொல்வார். உள்ளே போனது மூன்றாக இருக்கும்.

கணக்கைச் சரியாகப் பார்க்கலாம். இந்திய விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 30 மில்லி பெக்கில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். 'பீர்தானே' என்று அலட்சியமாகச் சொல்லும் 650 மில்லி பாட்டிலில், 5 சதவீதம் என்றாலும் 25 கிராம். 8 சதவீத 'ஸ்ட்ராங்' பீர் என்றால் 41 கிராம். அதாவது ஒரே பாட்டிலில் நாலு பெக். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம், பிரிட்டனில் பப்பில் ஊற்றுவது 25 அல்லது 35 மில்லி. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து 'இரண்டுதான் குடித்தேன்' என்பவர் எந்த ஊர் இரண்டு என்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் இதைவிடக் கறாராகப் பேசியது: உடல் நலனுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஆல்கஹாலில் ஒன்று கிடையாது.

அடுத்தது ஐஸ். 1833இல் அமெரிக்காவின் ஃபிரெடெரிக் டியூடர் குளத்து ஐஸை வெட்டிக் கப்பலேற்றிக் கல்கத்தாவில் இறக்கினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். தங்கவயலுக்கு 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. சுரங்கத்துக்காக சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அந்த நாளைய ஐஸ் பஞ்சம் இன்று இல்லை. இன்றைய பிரச்சினை ஐஸின் வாசனை. மூடாத தட்டில் உறைய வைத்த ஐஸ், பக்கத்திலிருக்கும் மீன் குழம்பை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். எந்த ஊர் விஸ்கியாலும் அதை மறைக்க முடியாது. மூடி போட்ட தட்டு, பெரிய கட்டி. 4 செ.மீ. கட்டி ஒன்றின் கன அளவு 2 செ.மீ. கட்டிகள் எட்டுக்குச் சமம். ஆனால் மேற்பரப்பு பாதிதான். அதனால் மெதுவாகக் கரையும், மது சீக்கிரம் நீர்த்துப்போகாது. எடுக்க ஒரு இடுக்கி. விரலை விட்டுத் துழாவும் வழக்கத்தை நிறுத்த அது ஒன்றுதான் வழி.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். பாட்டில் திறப்பான் ஒன்று. இந்திய ஒயின்கள் பல இப்போது திருகு மூடியோடு வருகின்றன, இருந்தாலும் கார்க் திருகாணி ஒன்று இருப்பது நல்லது. நீளமான காம்புக் கரண்டி. காக்டெயில் ஷேக்கர், மாதம் இரண்டு தடவையாவது குலுக்குபவர்களுக்கு மட்டும். வடிகட்டிக்குத் தேநீர் வடிகட்டியும், புதினா நசுக்க மத்தும் போதும். சமையலறையில் இருப்பதையே வெளிநாட்டுப் பெயரில் விற்கிறார்கள். எத்தனை பாட்டில் வீட்டில் வைக்கலாம் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. குஜராத், பிகார் வாசகர்களுக்கு இந்தப் பக்கம் மோருக்கும் எலுமிச்சை சோடாவுக்கும்தான் உதவும்.

கழுவும் விஷயத்தில் கோலார்ப் பகுதிக்குத் தனிக் கஷ்டம். ஒருகாலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலா நீர்த்தேக்கம் சுரங்க நகருக்குத் தண்ணீர் தந்தது. மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்பு மிகுந்த கடின நீர். கழுவித் தானாகக் காய விட்டால் கோப்பையில் வெள்ளைப் படலம் படியும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, பஞ்சு உதிராத துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்த நாரைக் கண்ணாடியில் வைக்கவே கூடாது. துளி எண்ணெய் இருந்தாலும் பீரின் நுரை அடங்கிவிடும்.

கடைசியாக அடுக்குவது. கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் மிக மெல்லிய பாகமான விளிம்பு மேல் பாரம் விழும், உள்ளே மர வாசனையும் தங்கும். நிமிர்த்தி வைப்பதே சரி, ஆனால் தூசி விழும். தங்கவயலில் அது சாதாரணத் தூசி அல்ல. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண், சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி மலை போல நிற்கிறது. கோடைக் காற்றில் அந்த மேட்டுப் பொடி வீடுகளுக்குள் வந்து படிகிறது. இங்கே அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போடுவது ஆடம்பரத்தில் சேராது. கதவுக்குக் கீழே ரப்பர் பட்டையும் வைத்து, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டும் போட்டுவிடுவது நல்லது.