புலிக்கொடி ஒட்டினால் சோழர் கப்பல் ஆகிவிடாது



போன வாரம் என் மேசை மேல் இருக்கும் கப்பலின் படத்தை இங்கே போட்டிருந்தேன். பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. என் தங்கை மகன் மட்டும் இப்படிக் கேட்டிருந்தான்: “மாமா, வெள்ளைக்காரன் கப்பலுக்கு இரண்டு வருஷத்தைச் செலவு பண்ணிட்டீங்களே. தமிழர் நீங்க, சோழர் கப்பல் செய்யக் கூடாதா?” அதற்குக் கீழே கைதட்டியவர்களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வரியில் பதில் போட்டால் கிழவர் கோபித்துக்கொண்டார் என்பீர்கள். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தம்பி, நான் சோழர் கப்பலைச் செய்ய மாட்டேன். யாராலும் செய்ய முடியாது என்பதுதான் காரணம்.

மாதிரிக் கப்பல் என்பது பொம்மை இல்லை. நான் செய்வது 96-இல் 1 அளவு. அசல் கப்பலில் ஓர் அடி என்றால் என் மேசையில் எட்டில் ஒரு அங்குலம். ‘கட்டி சார்க்’ என்ற இந்தக் கப்பலின் உடல் 212 அரை அடி நீளம், 36 அடி அகலம். அதனால் என் கப்பல் இருபத்தாறரை அங்குல நீளம், நாலரை அங்குல அகலம். நடுப்பாய்மரம் 152 அடி, என்னிடம் 19 அங்குலம். இதில் கால் அங்குலம் தவறினாலும் அசலில் இரண்டு அடி தவறு. அசல் கப்பல் லண்டன் கிரீனிச்சில் இன்றும் நிற்கிறது. அதற்கு அளவெடுத்து வரைந்த வரைபடங்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் திருத்திக்கொள்ள ஆதாரம் உண்டு.

சோழர் கப்பலுக்கு என்ன இருக்கிறது? கடல் கடந்து போனதற்குக் கல்வெட்டு இருக்கிறது. அதற்கும் முந்தைய காலத்து அழகன்குளம் பானை ஓட்டில் ஒரு கப்பல் கீறல் இருக்கிறது. பெருமைப்பட இவை போதும், பலகை அறுக்கப் போதாது. ஏரா எவ்வளவு நீளம், பாய்மரம் எத்தனை, பலகையைக் கயிற்றால் தைத்தார்களா ஆணி அடித்தார்களா என்று அளவோடு சொல்லும் ஒரு கப்பலின் உடல் இதுவரை கிடைக்கவில்லை.

ஆனால் கடையில் கிடைக்கிறது! ஒரு புதுமனை புகுவிழாவில் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே கப்பல், பாயில் புலி, கீழே ‘சோழர் போர்க்கப்பல்’ என்று பித்தளைப் பட்டயம். பக்கவாட்டில் இரண்டு வரிசையாகச் சதுரத் துளைகள். அவை பீரங்கி நீட்டும் துளைகள், பிள்ளைகளே. ராஜேந்திரன் படை கடாரம் போனது 1025 வாக்கில். கப்பலில் பீரங்கி ஏறியது அதற்கு முந்நூறு வருஷத்துக்கும் பிறகு. ஐரோப்பியப் போர்க்கப்பல் பொம்மையில் புலிக்கொடியை ஒட்டி நம்மிடமே விற்கிறார்கள். நாமும் வாங்கி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பரீட்சையில் விடை தெரியாமல் கதை எழுதுபவனுக்கு நான் மார்க் போட்டதில்லை. இதற்கும் போட மாட்டேன்.

சரி, இந்த வெள்ளைக்காரன் கப்பலில் அப்படி என்ன இருக்கிறது? கொஞ்சம் கேளுங்கள், எனக்குப் பிடித்த பகுதி இது.

கிளிப்பர் என்பது வேகத்துக்காகவே கட்டிய பாய்க்கப்பல். ஒல்லியான உடல், கத்தி மாதிரி அணியம், தாங்கும் மட்டும் பாய். சீனாவிலிருந்து புதுத் தேயிலையை முதலில் லண்டனில் இறக்குபவருக்கு நல்ல விலை. கட்டி சார்க் 1869-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் கட்டியது. உள்ளே இரும்புச் சட்டம், வெளியே மரப்பலகை, நீருக்குள் இருக்கும் பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க, செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் நிறத் தகடு.

இப்போது கணக்கு. அசலில் கயிறு மட்டும் 11 மைல். 58,080 அடி. 96-ஆல் வகுத்தால் 605 அடி நூல். பாய்களின் பரப்பு 32,000 சதுர அடி. அதையும் 96-ஆல் வகுக்கிறவர் என் வகுப்பில் தூங்கியவர். பரப்பென்றால் 96-ஐ 96-ஆல் பெருக்கி வகுக்க வேண்டும். மூன்றரைச் சதுர அடிதான் வருகிறது, குளியல் துண்டில் பாதிகூட இல்லை. முதல் பயணத்தில் ஏற்றிய தேயிலை சுமார் 13 லட்சம் பவுண்டு. கொள்ளளவுக்கு மூன்று முறை 96. என் கப்பலுக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவு! இதைக் கண்டுபிடித்த அன்று காலை ஆறு மணிக்கு வீட்டில் எழுப்பிச் சொன்னேன். “அதில் ஒரு ஸ்பூன் போட்டுக் காபிக்குப் பதில் டீ குடியுங்க” என்று பதில் வந்தது.

பலகை அடுக்குவதில் தோற்றேன். ஆசாரி கடையில் வாங்கிய தேக்குப் பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்தேன். அணியம் நோக்கிப் போகப் போக ஒவ்வொரு பட்டையையும் சீவிக் குறுக்க வேண்டும். நான் முழு அகலத்திலேயே ஒட்டிக்கொண்டு போனேன். பதினான்காவது பட்டை முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றது. அத்தனையையும் பிய்த்தேன். இரண்டு மாத வேலை. வரைபடத்தில் அது தெளிவாகவே இருந்தது, நான்தான் அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. கற்பனைக் கப்பலாக இருந்திருந்தால் “எங்கள் கப்பல் இப்படித்தான்” என்று சொல்லித் தப்பியிருப்பேன்.

வெள்ளைக்காரன் புகழ் பாடுவதாக நினைக்க வேண்டாம். இந்தக் கப்பல் தண்ணீரில் இறங்கியதற்கு ஐந்தே நாள் முன்னால் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்கு வழி கிடைத்தது, சில வருஷங்களில் பாய்க்கப்பலின் தேயிலைப் பிழைப்பு போயிற்று. இதற்கு முந்திய கிளிப்பர்களில் பல நம் நாட்டு அபினியைச் சீனாவுக்கு ஏற்றிப்போய் விற்றவை. அவற்றுள் முதலாவதான ‘ரெட் ரோவர்’ 1829-இல் கல்கத்தாவை அடுத்த ஹவுராவில் கட்டியது. கப்பலின் அழகைப் பேசி அபினியை மறைப்பவர்களோடும் எனக்குச் சண்டைதான். அவர்களும் பீரங்கித் துளைக்காரர்களும் ஒரே பெஞ்சு.

2007-இல் கட்டி சார்க்கில் தீப்பிடித்தது. பழுதுபார்க்கும் வேலைக்காகப் பாய்மரங்களையும் பலகைகளில் பலவற்றையும் ஏற்கெனவே கழற்றி வேறிடத்தில் வைத்திருந்தார்கள். 2012-இல் மீண்டும் திறந்துவிட்டார்கள். நம்மிடம் ஒரு தோணி தீப்பிடித்தால் எதை வைத்துத் திரும்பக் கட்டுவோம்?

நான் கேட்க வந்தது இதைத்தான், தம்பி. 1840-களில் எட்மண்ட் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி நம் சோழமண்டலக் கரைப் படகுகளை அளந்து, வரைந்து, புத்தகம் போட்டார். பிறகு பாரிஸ் அருங்காட்சியகத்தில் அந்த வரைபடங்களை வைத்து மாதிரிகள் செய்ய வைத்தார். 1920-இல் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதினார். இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். தூத்துக்குடித் தோணி இன்றும் இருக்கிறது, இயந்திரம் பூட்டி மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறது. அதைக் கட்டத் தெரிந்த மேஸ்திரிகளுக்கு என் வயதுக்கு மேல். புலிப்படம் பகிர்ந்த உங்களில் எத்தனை பேர் ஒரு தோணிக்குப் பக்கத்தில் டேப்போடு போய் நின்றிருக்கிறீர்கள்? நானும் நின்றதில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள். பழுதுபார்க்கக் கரையேற்றிய தோணி எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். ஏராவின் நீளம், பிறகு அணியத்திலிருந்து பின்பக்கம் வரை பத்து இடங்களில் அகலமும் ஆழமும். மேஸ்திரி சொல்லும் பெயர்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள், இலக்கணம் திருத்தாதீர்கள். நூறு அடி டேப் என்னிடம் இருக்கிறது. தேதி சொன்னால் நானே பஸ் ஏறி வருகிறேன். தங்கை மகனே, உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன், மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.