அச்சத்திற்குச் சாட்சி யார்?

'சிகிச்சைக்குப் பின் பதற்றம் குறைந்தது' என்று ஓர் உளவியல் ஆய்வுக்கட்டுரை அறிவிக்கும்போது, உண்மையில் குறைந்தது எது? கட்டுரையின் முறையியல் பகுதிவரை செல்லும் பொறுமை உள்ளவர்களுக்கு விடை கிடைத்துவிடும். பெரும்பாலான வேளைகளில் குறைந்தது, ஒரு தாளில் இடப்பட்ட குறிகளின் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகைக்குப் 'பதற்றம்' என்று பெயர் சூட்டியவர் ஆய்வாளர். இந்தப் பெயர்சூட்டலைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

2006இல் ஸ்பிட்சரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஜிஏடி-7 என்ற வினாநிரலை எடுத்துக்கொள்வோம். மொத்தம் ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் இன்ன தொல்லை எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். உச்சம் 21, பத்தைத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். கூட்டம் நெரியும் மருத்துவமனையில் யாரை உட்காரவைத்துப் பேசவேண்டும் என்று சலித்தெடுக்க இது நல்ல கருவி. அதில் நமக்குப் பிணக்கில்லை. சல்லடையே தானியமாகிவிட்டதுதான் பிணக்கு.

கூட்டத்தைக் கண்டு அஞ்சும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பேருந்தில் ஏறுவதை நிறுத்திவிட்டார்; கடைக்குப் போவதில்லை; திருமண அழைப்பிதழ்களைப் பிரிப்பதுகூட இல்லை. கடந்த இரண்டு வாரங்களும் வீட்டுக்குள் அமைதியாகக் கழிந்திருக்கின்றன. தாளை நீட்டினால் நேர்மையாகவே குறைந்த எண்களை இடுவார். வாழ்க்கையை அறுத்துச் சுருக்கிக்கொண்டதற்குக் கிடைத்த அமைதி அது. இனி, சிகிச்சையாளர் அவரைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் செல்லட்டும். எண்கள் ஏறும். உண்மையில் மீளத் தொடங்கியவர், அட்டவணையில் மோசமடைந்தவர் ஆகிறார்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. அச்சம் என்பது சொல், செயல், உடல் என்னும் மூன்று தடங்களில் ஓடுகிறது, அவை தளர்வாகவே பிணைந்திருக்கின்றன என்று பீட்டர் லாங் 1960களிலேயே எழுதினார். பாம்புக்கு அஞ்சுவோரிடம் 'எவ்வளவு பயம்?' என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் உயிருள்ள பாம்பை வைத்து, எவ்வளவு அருகில் வருகிறார்கள் என்று பார்த்தார். 1974இல் ராக்மனும் ஹாட்ஜ்சனும் இந்த ஒத்திசைவின்மைக்கு ஒரு பெயரே கொடுத்து விவாதித்தார்கள். 1979இல் வைன்பெர்கரும் சகாக்களும் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. 'எனக்குப் பதற்றமே கிடையாது' என்று சொன்னவர்களில் ஒரு சாராரின் இதயத்துடிப்பும் தோலின் மின்தடையும் நெற்றித் தசையின் இறுக்கமும் வேறு கதை சொல்லின. அவர்கள் பொய்யர்கள் அல்லர். தம்மைத் தாமே அறியாதவர்கள். இத்தனையும் தெரிந்த ஒரு துறை, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒற்றைத் தாளோடு திருப்தியடைகிறது என்றால் காரணம் அறியாமையன்று, சிக்கனம். பாம்புக்கும் அறைக்கும் ஆளுக்கும் செலவுண்டு. தாளுக்கு அது இல்லை. பாமைஸ்டரும் இருவரும் 2007இல் ஒரு முன்னணி இதழைப் புரட்டிப் பார்த்து, உளவியல் என்பது தன்கூற்றுகளையும் விரலசைவுகளையும் பற்றிய அறிவியலாகிவிட்டது என்று நொந்துகொண்டதும் இதனால்தான்.

அப்படியானால் மனிதனின் சொல்லைத் தூக்கியெறிந்துவிட்டு நடத்தையை மட்டும் அளப்போம் என்று எதிர்முகாம் கிளம்பும். அவர்களுடைய வண்டவாளமும் நமக்குத் தெரியும். கூட்டல் குறி வடிவில் உயரத்தில் அமைத்த பாதையில் எலியை விடுகிறார்கள். சுவரில்லாத கைகளில் அது எவ்வளவு நேரம் உலவுகிறது என்பதை வைத்து மருந்தை மதிப்பிடுகிறார்கள். எலி துணிந்து நடந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியும்; எலிக்கு உள்ளே என்ன நேர்ந்தது என்பது தெரியாது. விலங்கின் தற்காப்பு நடத்தையை மாற்றும் மருந்து, மனிதன் உணரும் அச்சத்தையும் மாற்றும் என்று எதிர்பார்த்ததே பிழை என்று லெடூவும் பைனும் 2016இல் வாதிட்டது இங்கே நினைவுகூரத் தக்கது. கணினித் திரையில் விரலசைவின் வேகத்தைக் கொண்டு பதற்றத்தின் கவனச்சாய்வை அளக்கும் புள்ளிச்சோதனையோ, மறுமுறை எடுத்தால் அதே ஆளிடம் அதே விடையைத் தருவதில்லை என்று ஷ்முக்லே 2005இல் காட்டினார். 'புறவயம்' என்று நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டால் ஓர் அளவீடு நம்பகமானதாகிவிடாது.

முகம் சிவந்துவிடுமோ என்று அஞ்சுவோரைப் பற்றி மல்கென்ஸ் குழுவினர் 1999இல் செய்த ஆய்வில், அவர்களுடைய முகம் மற்றவர்களைவிட அதிகமாகச் சிவக்கவில்லை. கருவி அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அதனால் அவர்கள் துன்பம் பொய்யா? சிவக்காத முகத்தோடு சிவந்துவிட்டதாக நடுங்குவதுதானே அந்த நோய்! இங்கே சொல்லை நீக்கினால் நோயே காணாமற்போகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வரும். அச்சம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று; அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அதற்கு நான்கு நிலைக்களன்கள். உள்ளத்தது மெய்யில் படும், காண்பவர் அறிவர் என்பது அதன் நம்பிக்கை. எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அது கவிதையின் இலக்கணம், மருத்துவமன்று. ஆனால் சொல்லுக்கும் மெய்க்கும் நடுவே இன்றைய ஆய்வாளர் எழுப்பும் சுவர் எல்லா மொழியிலும் அதே இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு நம் பேச்சே சான்று. அச்சத்தைச் சொல்ல 'வயிற்றைக் கலக்குகிறது' என்கிறோம். 'கை கால் உதறுகிறது', 'நெஞ்சு படபடக்கிறது' என்கிறோம். இது தன்கூற்றா, உடலின் அளவீடா? ஜிஏடி-7இன் முதற்கேள்வி ஆங்கிலத்தில் மூன்று சொற்களை ஒரே மூச்சில் அடுக்குகிறது. தமிழில் அந்த இடத்தில் கவலை என்று வைத்தால் சிந்தனையைக் கேட்கிறோம். பயம் என்றால் எதைக் கண்டு என்ற கேள்வி உடன்வரும். படபடப்பு என்றால் பாதி இதயத்தைக் கேட்கிறோம். சொல்லை மாற்றினால் கூட்டுத்தொகை மாறக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிவார். கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர் அதை எங்கே அறியப் போகிறார்?

ஆகவே ஆய்விதழ்களின் ஆசிரியர்களிடம் நாம் கேட்பது மிகச் சிறியது. கேட்டுப் பெற்றது மட்டும் கையிலிருந்தால் 'பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள்' என்று எழுதச் சொல்லுங்கள். தூரத்தை அளந்திருந்தால் 'நெருங்கி வந்தார்கள்' என்று எழுதட்டும். இரண்டையும் அளந்து இரண்டும் முரண்பட்டால், சராசரி போட்டு அந்த முரணைப் புதைக்காமல், அட்டவணையின் முதல் வரியிலேயே அச்சிடச் சொல்லுங்கள். பேருந்தில் ஏறிவிட்டு இன்னும் பயமாயிருக்கிறது என்பவரும், ஏறாமலே பயமில்லை என்பவரும் இப்போது அந்த அட்டவணையில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.