கழற்றுங்கள், தப்பில்லை, காற்றில் திறந்துவிடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அன்று கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இதையும் பாதியில் விட்டுவிடலாம், கோபப்பட மாட்டேன். கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

விஷயம் கார் ஏசி கம்ப்ரசர். "ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்கலாம். இயற்பியல் நடத்தியவனுக்கு இதுவும் வேலைதான். இந்தக் கோடையில் மட்டும் உங்களில் நான்கு பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "சார், கம்ப்ரசர் போயிடுச்சு. மாத்தணுமா, கழட்டிப் போட்டுடலாமா?" உங்களுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லப்பட்ட பதில்களைக் கேட்டு எனக்கு வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போன கம்ப்ரசரை மாற்றாமல், அதை விலக்கிவிட்டு ஏசி இல்லாமல் வண்டி ஓட்டுவது வண்டிக்காரரின் உரிமை. அது குற்றமும் இல்லை, கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் அந்த வேலையின்போது உள்ளே இருக்கும் கேஸை 'புஸ்' என்று காற்றில் திறந்துவிடுவது யாருடைய உரிமையும் இல்லை. நம் ஊரில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. முதலாவதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

முதலில் பயத்தைப் பார்ப்போம்.

"ஏசி கம்ப்ரசர் போனா வண்டியே ஓடாது, மாத்தித்தான் ஆகணும்." இதைக் கேட்டு ஏமாந்த ஒருவன் என் மாணவன். பழைய சின்னக் கார் ஒன்றில் கடை கடையாக முட்டை போடுகிறான். ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் ஓட்டுவான். ஏசி போட்டதே அபூர்வம். கம்ப்ரசர் உள்ளே இறுகிவிட்டது என்று சொல்லி, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும் என்று பயமுறுத்தி, 38,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினான். என்னிடம் பேசியது எல்லாம் முடிந்த பிறகு. "ஏசி போடாதப்போ ஏதாவது சத்தம் வந்துச்சாப்பா?" என்று கேட்டேன். "இல்ல சார், ஏசி போட்டாத்தான் கிரீச்சுன்னு வரும், பெல்ட் கருகுற வாடை வரும்" என்றான். ஏசி போடாமலே இருந்திருந்தால் அந்த வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதை அவனிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஏன் ஓடும்? பத்தாம் வகுப்பு மின்காந்தத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இன்ஜின் பெல்ட் சுற்றுவது கம்ப்ரசரின் முன்னால் இருக்கும் புல்லியை. அந்தப் புல்லி தனி பேரிங்கில் சுற்றுகிறது. ஏசி பட்டனை அழுத்தினால் மின்காந்தம் உயிர் பெற்று முன்தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரசரின் உள்பாகம் சுற்றும். இதைத்தான் மெக்கானிக்குகள் மேக்னட் கிளட்ச் என்கிறார்கள். பட்டனை அணைத்தால் புல்லி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். உள்பாகம் இறுகிக் கல்லாகிவிட்டாலும் புல்லிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கிளட்சுக்குப் போகும் ஒயரின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டால், வீட்டில் பேரன் தெரியாமல் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. செலவு, சேர்த்துச் சொன்னால், ஒரு டீ.

ஆகவே கம்ப்ரசர் போய்விட்டது என்றால் உடனே எஸ்டிமேட் கேட்காதீர்கள். "இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கழட்டிட்டு, அந்தப் புல்லியைக் கையால சுத்திக் காட்டுங்க" என்று கேளுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வரலாம். கரகரவென்று சுற்றினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. சுற்றவே மறுத்தால் அதுதான் ஆபத்து. பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. புல்லி இறுகிப் பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, இன்ஜின் சூடேறிவிடும். அப்போது வண்டியை ஓட்டக் கூடாது.

அப்போதும் முழு கம்ப்ரசர்தான் தீர்வா? இல்லை. பல கம்ப்ரசர்களில் முன்தட்டைக் கழற்றிவிட்டு, புல்லிக்குப் புது பேரிங் போட்டு மாட்டிவிடலாம். புல்லி சும்மா சுற்றும், பழைய பெல்ட் பழைய பாதையிலேயே ஓடும். செத்த கம்ப்ரசரே தனக்குத்தானே பைபாஸ் புல்லி ஆகிவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கேஸ் குழாயில் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை. இதைக் கடைசியில் மறுபடி பேசுவேன், நினைவில் வையுங்கள்.

"ஏசியே இல்லாம வண்டியா, இது என்ன ஜுகாட்?" என்று முகம் சுளிக்கும் என் சொந்தங்களுக்கு ஒரு சரித்திரம். தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்ற முதல் கார் அமெரிக்காவின் பேக்கார்டு, 1940ஆம் வருட மாடல். அதில் கிளட்ச்சே கிடையாது. குளிர்காலத்தில் ஏசி வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். கார் ஏசிக்கு என்ன வயதோ, கம்ப்ரசரை விலக்கி ஓட்டுவதற்கும் அதே வயது. பணக்காரர்கள் வாங்கிய காரில் செய்தால் தொழில்நுட்பம், முட்டை வியாபாரி செய்தால் ஜுகாட், அப்படித்தானே? கல்யாண வீட்டு வாசலில் ஜன்னல் கண்ணாடி இறங்கிய காரில் வந்து இறங்கினால் யாருடைய மானமும் போய்விடாது. அடகுக் கடையில் நிற்பதைவிட வியர்வை மேல்.

மெக்கானிக் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கம்ப்ரசர் உள்ளேயே உடைந்து இறுகியிருந்தால் உலோகத் துகள் குழாய் முழுக்கப் பரவியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல், டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றாமல் புது கம்ப்ரசர் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரம் சாகும். சில நேரம் கண்டன்சரும் மாற்ற வேண்டிவரும். எனவே பெரிய பில் கேட்பவர் எல்லாரும் திருடர் இல்லை. ஏசி வேண்டும் என்பவர் அதை முழுசாகச் செய்வதுதான் சரி. வயதான அப்பா அம்மாவைச் சித்திரை வெயிலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவருக்கு ஏசி ஆடம்பரம் இல்லை. மழையில் கண்ணாடியில் படியும் பனியை விரட்டவும் ஏசி உதவுகிறது. அது இல்லாதவர் ஹீட்டரை லேசாகத் திறந்து, வெளிக்காற்றை எடுக்கும்படி வைத்து புளோயரைப் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். என் சண்டை பில்லோடு இல்லை. ஏசி வேண்டாம் என்கிறவரிடம் வேறு வழியே இல்லை என்று சொல்கிறார்களே, அந்தப் பொய்யோடுதான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் உண்டு. "அட, கழட்டித் தூக்கிப் போடு தம்பி, சின்ன பெல்ட் ஒண்ணு மாட்டிக்கலாம்" என்பவர்கள். இவர்களிடமும் ஜாக்கிரதை. கம்ப்ரசருக்கு மட்டும் தனி பெல்ட் உள்ள வண்டியில் அந்தப் பெல்ட்டை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட் என்றால் கணக்குப் பார்க்க வேண்டும். பாதை மாறினால் தண்ணீர் பம்ப் புல்லியைப் பெல்ட் தழுவும் அளவு குறைந்து வழுக்கலாம். பெல்ட்டின் எந்தப் பக்கம் படுகிறது என்பது மாறிவிட்டால் பம்ப் தலைகீழாகவே சுற்றும். டென்ஷனருக்கும் ஓர் எல்லை உண்டு. இதைப் பார்க்காமல் கண்ணளவில் பெல்ட் போட்டு, இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போனால், மிச்சம் பிடித்தது அத்தனையும் அதில் போய்விடும்.

புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் வருகிறது. புல்லியோடு உள்பாகமும் எப்போதும் சுற்றும். அங்கே கனெக்டரைப் பிடுங்கும் வைத்தியம் பலிக்காது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் கம்ப்ரசரே உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. பல எலக்ட்ரிக் கார்களில் பேட்டரியைக் குளிரவைப்பதும் அதுதான். ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நான் பேசுவது பெட்ரோல், டீசல் வண்டியில் கிளட்ச் வைத்த கம்ப்ரசரைப் பற்றி மட்டும்.

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். அந்த 'புஸ்'.

ஒரு ஷெட்டில் நானே பார்த்தேன். பதினேழு பதினெட்டு வயதுப் பையன், கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, கைக்கு உறை இல்லை, குழாய் நட்டை ஸ்பேனரால் தளர்த்துகிறான். வெள்ளைப் புகைபோலச் சீறிக்கொண்டு கேஸ் வெளியே வருகிறது. பக்கத்தில் ஒருவர் பீடி பிடிக்கிறார். "கொஞ்சம் கேஸ்தான் சார், காத்தோட போயிடும்" என்றார் முதலாளி.

எங்கே போகும்? இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் அதன் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? ஆவியாகும் திரவம் தொட்ட இடத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். ஏசி குளிர்வதும் அதனால்தான். அந்தத் திரவம் பையனின் விரலில் பட்டால் சதை உறையும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதே கேஸ் நெருப்பில் பட்டுச் சிதைந்தால் ஹைட்ரஜன் புளோரைடு என்ற விஷம் உண்டாகும். அந்த பீடிக்காரருக்கு இது தெரியாது. தெரியவைக்க வேண்டிய முதலாளி காத்தோட போயிடும் என்கிறார்.

காற்றோடு போனது என்ன செய்யும்? இதற்கு முன்பு கார்களில் இருந்தது ஆர்-12 என்ற குளோரோ புளோரோ கார்பன். அது ஓசோன் படலத்தைத் தின்னும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை பற்றிய ஆய்வு வெளிவந்தது. 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1995இல் அந்த இருவருக்கும் குருட்சனுக்கும் சேர்த்து நோபல் பரிசு. இவ்வளவு பாடுபட்டு ஆர்-12ஐ மாற்றிக் கொண்டுவந்ததுதான் ஆர்-134ஏ. அது ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரன். 100 வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதனால்தான் 2016இல் கிகாலியில் இந்த வகைக் கேஸ்களைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். 2021இல் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்தது.

கணக்கைப் போடுங்கள். சின்னக் காரில் சுமார் அரை கிலோ கேஸ். 715 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஆக, அந்த ஒரு 'புஸ்' ஏறக்குறைய 310 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்த் திரும்பிய பிறகும் பெட்ரோல் மிச்சம் இருக்கும். அதை அரை நிமிடத்தில், வண்டி ஓர் அடிகூட நகராமல் செய்து முடிக்கிறோம். "இந்த வருஷம் என்னா வெயிலு சார்" என்று அப்புறம் என்னிடமே புலம்புகிறோம்.

"நான் ஒருத்தன் விடாம இருந்தா உலகம் குளுந்துடுமா?" என்று கேட்பவருக்கு: பரீட்சையில் நான் ஒருவன் பார்த்து எழுதினால் என்ன என்று கேட்ட பையனுக்கு என்ன பதில் சொன்னேனோ, அதுதான் உங்களுக்கும்.

"மெஷின் இல்ல சார்" என்பவருக்கு: கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கும் ரெக்கவரி மெஷின் உள்ள இடங்கள் இருக்கின்றன. அந்த மெஷினுக்குள்ளேயே கம்ப்ரசர் உண்டு, ஆகவே காரின் கம்ப்ரசர் செத்திருந்தாலும் சர்வீஸ் வால்வு வழியாகக் கேஸை எடுக்கலாம். முதலில் அங்கே எடுத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். கழற்றிய குழாய் வாய்களை மூடிவையுங்கள். நாளைக்குக் காசு வந்து ஏசி போட நினைத்தால் உள்ளே ஈரம் ஏறாமல் இருக்கும். மெஷினே கிடைக்கவில்லை என்றால் முன்பு சொன்னதை நினைவுபடுத்துங்கள்: கம்ப்ரசரைக் கழற்றவே வேண்டாம். கேஸ் உள்ளேயே அடைபட்டிருக்கட்டும், புல்லிப் பக்கம் மட்டும் வேலை நடக்கட்டும்.

இன்னொன்று. "வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துடும், டாப்-அப் பண்ணணும்" என்பவரை நம்பாதீர்கள். கேஸ் என்ன பெட்ரோலா, எரிந்து தீர? அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கம்ப்ரசருக்கு எண்ணெய் கொண்டுவருவதும் அந்தக் கேஸ்தான். கசிவை அடைக்காமல் டாப்-அப் செய்துகொண்டே இருந்தால் காற்றும் கெடும், எண்ணெய் குறைந்து கம்ப்ரசரும் இறுகும். நான்கு பேர் எனக்குப் போன் செய்தீர்களே, அதில் மூன்று பேர் அதற்கு முன்பு இரண்டு கோடையாக டாப்-அப் செய்தவர்கள்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு: உங்கள் கையில் ஸ்பேனர் இருப்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. வருகிறவரிடம் மூன்று வழியையும், மூன்று விலையையும் சொல்லுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். உங்களிடம் வேலை கற்கும் பையனுக்கு ஒரு ஜோடி கையுறையும் ஒரு கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ரெக்கவரி மெஷின் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: நட்டில் ஸ்பேனர் படுவதற்கு முன்னால் மூன்று கேள்வி. புல்லி சுற்றுகிறதா? இந்தப் பெல்ட் வேறு எதையெல்லாம் சுற்றுகிறது? உள்ளே இருக்கும் கேஸை எதில் பிடிக்கப் போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வாத்தியார் என்று பார்க்க வேண்டாம். கணக்கில் பிழை இருந்தாலும் சொல்லலாம், ஆனால் வழிமுறையோடு எழுதினால்தான் மார்க்.