இலை கொடுப்பவருக்கு விலை இல்லை!
அர்ஜென்டினாவில் "மாத்தே" மரம் எழுப்பிய புயல்

அர்ஜென்டினா நாட்டில் பொழுது விடிந்தால் வீட்டுக்கு வீடு அடுப்பில் வெந்நீர் ஏறும். காபிக்கு அல்ல, டீக்கும் அல்ல. "மாத்தே" குடிப்பதற்கு!

சிறு சுரைக்குடுக்கையில் இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். குழலால் உறிஞ்சிக் குடிப்பார்கள். ஒரே குடுக்கை கை மாறிச் சுற்றி வரும். ஏழையும் குடிக்கிறார், பணக்காரரும் குடிக்கிறார். ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு 6 கிலோவுக்கு மேல் தூள் செலவாகிறது.

இந்த மாத்தேயை வைத்துத்தான் இப்போது தகராறு. இலைக்கு விலை சொல்ல வேண்டியது அரசாங்கமா, சந்தையா?

என்ன மரம் இது?

மாத்தே மரத்துக்கும் தேயிலைக்கும் உறவு இல்லை. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மேல்நாட்டார் வீட்டில் தோரணம் கட்டுகிறார்களே, "ஹாலி" செடி, அதன் இனம் இது. ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். பரானா, பராகுவே, உருகுவே ஆறுகள் பாயும் காட்டு நிலம் அதன் தாயகம்.

குவரானி என்ற பழங்குடி மக்கள்தான் முதலில் இதைக் குடித்தவர்கள். பிறகு ஏசு சபைப் பாதிரிமார்கள் தோட்டம் போட்டார்கள். 1767-ல் ஸ்பெயின் மன்னர் அவர்களை வெளியேற்றினார். இதன் விதை எளிதில் முளைக்காது. முளைக்க வைக்கும் வித்தையும் பாதிரிமார்களோடு போயிற்று! மீண்டும் தோட்டங்கள் பெருக 100 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இன்று அர்ஜென்டினாவின் மாத்தேயில் பெரும் பகுதி மிசியோனஸ் மாகாணத்தில் விளைகிறது. அங்கே 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகள் இதை நம்பி இருக்கிறார்கள். பலர் சிறு விவசாயிகள்.

24 மணி நேரம்

வெட்டிய இலை காத்திருக்காது. ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் தீயில் வாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கெட்டுவிடும். வாட்டி உலர்த்திய இலையோ மாதக்கணக்கில் கிடங்கில் இருக்கும்.

இங்கேதான் சங்கடம். விவசாயி அவசரக்காரர், ஆலை முதலாளிக்கு அவசரம் இல்லை. ஆலை சொன்னதே விலை! நெல் போல அடுத்த பட்டத்துக்கு வேறு பயிர் வைக்கவும் முடியாது. மரம் பலன் தரவே 4, 5 ஆண்டுகள் ஆகும்.

போன கதை

இதனால் 1930-களில் அரசாங்கம் ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. 1991-ல் அதைக் கலைத்தார்கள். ஆளுக்கு ஆள் மரம் நட்டார்கள். இலை பெருகியது, விலை சரிந்தது.

2001-ல் விவசாயிகள் டிராக்டர்களோடு மாகாணத் தலைநகர் போசடாசில் புகுந்து முற்றுகை இட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. தேசிய மாத்தே நிறுவனம் பிறந்தது. இலைக்குக் குறைந்தபட்ச விலை சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது.

மிலே போட்ட உத்தரவு

2023 டிசம்பரில் ஹாவியர் மிலே ஜனாதிபதி ஆனார். அந்த மாதமே அவசர உத்தரவு பிறப்பித்தார். மாத்தே நிறுவனத்தின் விலை அதிகாரம் பறிபோயிற்று.

"அரசாங்கம் விலை சொன்னால் போட்டி செத்துவிடும். விலையைச் சந்தையிடம் விடுங்கள். குடிப்பவருக்கு மலிவாகக் கிடைக்கும்" என்பது மிலே கட்சியின் வாதம். 2023-ல் அந்த நாட்டில் விலைவாசி ஒரே ஆண்டில் 200 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கடைக்குப் போய்த் தவித்த குடும்பங்களுக்கு இந்த வாதம் இனித்தது.

ஏற்றுமதியும் கூடியது. 2024-ல் 4 கோடி கிலோவுக்கு மேல் வெளிநாடு போயிற்று. நெடுங்காலமாகப் பெரிய வாடிக்கை எது தெரியுமா? சிரியா! அர்ஜென்டினாவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுபோன பழக்கம் அது.

ஆனால் தோட்டத்தில் சிரிப்பு இல்லை. விளைச்சல் பெருகிய நேரத்தில் விலைக்குக் காவலும் போயிற்று. "கிடைக்கும் காசு கூலிக்கே போதவில்லை" என்று விவசாயிகள் குமுறினார்கள். அறுவடையை நிறுத்திப் போராடினார்கள்.

அடி யாருக்கு?

கடைசி அடி கூலிக்காரருக்கு. இலையைக் கையால் வெட்டி, பெரிய மூட்டையாகக் கட்டி, முதுகில் சுமப்பவர் அவர். எத்தனை கிலோ வெட்டினாரோ அத்தனைக்குத்தான் கூலி. விவசாயி வெட்டை நிறுத்தினால் அவர் வீட்டு அடுப்பும் நின்றுவிடும்.

போட்டி நல்லதுதான். ஆனால் இரு பக்கமும் காத்திருக்க முடிந்தால்தான் அது போட்டி. ஒருவர் கையில் 24 மணி நேரம். மற்றவர் கையில் ஒரு வருடம் என்றால் அது பேரம் ஆகாது.

1991-ல் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். பத்தே ஆண்டில் டிராக்டர்கள் தெருவுக்கு வந்தன. 2023-ல் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். மாத்தே குடுக்கை கை மாறிக் கை மாறிப் போகும். எல்லார் வாயும் நனையும். அதன் காசும் அப்படிச் சுற்றினால் சண்டைக்கே இடம் இல்லை!