தொழுவத்தில் பிடித்த ஈக்கு என்ன பெயர்?

தாமிரபரணிக் கரை ஊர்களில் மாட்டுத்தொழுவச் சுவரில் விடியற்காலை உறிஞ்சுகுழலை வைத்துப் பிடிக்கும் மணல் ஈயை, வெள்ளிக்கால் தெரிந்தால் போதும், ‘ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிப்பெஸ்’ என்று ஏட்டில் எழுதி மூடிவிடுகிறோம். பழகிய கை. ஆனால் அந்தப் பெயருக்குள் அர்ஜென்டிப்பெஸ், அன்னண்டேலி, கிளாக்கஸ் என்று மூன்று இனங்கள் இருப்பதாக கே. இளங்கோ 2010-இல் பிரித்துக் காட்டிவிட்டார். உணர்கொம்பின் உணர்மயிர் எவ்வளவு நீளம் என்பது அதில் முக்கிய அடையாளம். இலங்கையின் நெடுந்தீவில் இந்த ஈயின் இரு வடிவங்கள் இருப்பது 2005-இலேயே பதிவானது.

மயிரை நம்பலாமா? இராமேசுவரத்தில் மயிரைவிட உறுதியான சான்றே ஏமாற்றியது. அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் கொசுவை பாலிடீன் குரோமோசோம் பட்டைகளின் தலைகீழ்த் திருப்பங்களை வைத்து ஏ, பி, சி, டி எனப் பிரித்தாயிற்று. தீவில் சிக்கியவை பட்டை வரிசையில் அச்சாக ‘பி’. ‘பி’யோ மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாதது, தீவிலோ மலேரியா. ஆண் லார்வாக்களின் மூளைச் செல்லில் ஒய் குரோமோசோமைப் பார்த்தபிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது: ‘பி’க்கு சென்ட்ரோமியர் ஓரத்தில், இவற்றுக்கு நடுவை ஒட்டி. 1999-இல் ‘ஈ’ இனம் பிறந்தது. கொசுவுக்கு ‘ஈ’ என்று பெயர் வாய்த்தது தமிழில் மட்டும் ரசிக்கக்கூடிய வேடிக்கை.

நமக்கு இது ஏன் இப்போது? பொதிகையின் மேற்குச் சரிவில், திருவனந்தபுரம் மாவட்டக் காணி குடியிருப்புகளில், மணல் ஈ பரப்பும் தோல் லீஷ்மேனியா நோய் பதிவாகியிருக்கிறது. காரணி லீஷ்மேனியா டோனோவானி. பீகாரில் காலா அசார் தருவதும் அதுவே. கிழக்குச் சரிவில் நம் ஆறு பிறக்கிறது, காரையாற்றிலும் காணி மக்கள் வாழ்கிறார்கள். மலை ஒன்று, இரு சரிவிலும் கடிப்பது ஒரே இனமா?

மணல் ஈயில் நல்ல பாலிடீன் கிடைப்பது அரிது. லார்வா மூளையை நசுக்கிச் சாயமேற்றித்தான் பார்க்க வேண்டும்; குரோமோசோம்கள் சில ஜோடிகளே என்பதால் எண்ணுவது எளிது, வளர்ப்பதுதான் பாடு. முட்டை முதிர்ந்த ஈயாக ஒரு மாதத்துக்கு மேலாகும். நடுவில் சட்டியில் பூஞ்சை பிடித்தால் அத்தனையும் போச்சு. அதனால்தான் எல்லோரும் டிஎன்ஏ பார்கோடுக்கு ஓடுகிறோம். அது தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படிக்கிறது. இரண்டு இனம் இணைந்து கலப்பு நடந்திருந்தால் காட்டிக்கொடுக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தாய் ஈயையும் தனிக்குப்பியில் முட்டையிட விடுங்கள். பிறகு தாயின் தலையும் பின்னுடலும் கண்ணாடித் தகட்டுக்கு, மார்பு டிஎன்ஏவுக்கு, பிள்ளைகளின் மூளை குரோமோசோமுக்கு. மூன்றுக்கும் ஒரே எண். அப்படி இருபது குடும்பங்கள் பாபநாசத்திலிருந்து வந்தாலும் அச்சிடத் தயாராக இருக்கிறோம். விடை ‘ஒரே இனம்தான்’ என்று வந்தாலும்கூட.