பள்ளிக்கூடம் யாருக்கு?

எங்கள் ஒழுங்கையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். பிறந்ததிலிருந்து கால்கள் வலுவில்லை. பேச்சும் மெதுவாகத்தான் வரும். மாலையில் அவளது வாப்பா சைக்கிள் கரியரில் இருத்தி மத்ரஸாவுக்குக் கூட்டி வருவார். பாயில் மற்றப் பிள்ளைகளோடு ஒருத்தியாக இருந்து ஓதுவாள். அம்ம ஜுஸ்உவில் பாதிக்கு மேல் அவளுக்குப் பாடம். காலையில் மட்டும் வாசலில் இருந்து, நாங்கள் வெள்ளைச் சீருடையில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தரம் ஒன்றுக்குச் சேர்க்கப் போன இடத்தில் சொன்ன காரணங்களை அவளது உம்மா என்னிடம் சொன்னார். "வகுப்பு மேல்மாடியிலயாம் மகள். பாத்ரூமுக்குக் கூட்டிப்போக ஆளில்லையாம். மத்தப் புள்ளைகள்ட படிப்பும் குழம்புமாம்."

முதல் இரண்டுக்கும் வழி காணலாம். வகுப்பைக் கீழே மாற்றினால் ஒன்று தீர்ந்தது. மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கும் 9 ஏ சித்திக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்தும் இடமே பாடசாலை, அதற்கு உதவாதவர் இடைஞ்சல் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. நானும் அந்தக் கணக்கில் வளர்ந்தவள்தான். இஸட் புள்ளி என் கனவிலும் வருகிறது.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் கிடைத்த இலவசக் கல்வி கெட்டிக்காரருக்கு மட்டும் உரியதா? இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். நான் பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம் அது.

"கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறதே, கோண்டாவிலில் சிவபூமி இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். செவிப்புலனற்ற பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும். அவர்களின் சேவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சுன்னாகம் வாழ்வகத்தில் தங்கியிருக்கும் பார்வையற்ற பிள்ளைகள் சுற்றுவட்டாரப் பாடசாலைகளில் மற்றவர்களோடு படிக்கிறார்கள். பிரெயில் தேவைப்படும் பிள்ளைக்கே இடம் இருக்கும்போது, கீழ்மாடியில் ஒரு கதிரையும் கொஞ்சம் பொறுமையும் தேவைப்படும் பிள்ளைக்கு ஏன் இல்லை?

என் உம்மா 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் படித்தவர். "இடமில்லை" என்ற சொல்லின் கனம் எங்கள் பெற்றோருக்குத் தெரியாததல்ல.

'அபஸ' அத்தியாயத்தை நாம் எல்லோரும் ஓதுகிறோம். நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளை, பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) அறிவு தேடி வந்தார். அவரைக் கவனியாதிருந்ததற்காக அல்லாஹ் தன் தூதரையே கண்டித்தான். பின்னாளில் அவர் மதீனாவில் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் வெளியே சென்ற வேளைகளில் அந்நகரின் பொறுப்பும் அவரிடம் கொடுக்கப்பட்டது. அந்த அத்தியாயம் இச்சிறுமிக்கும் பாடம்.

புதிய தவணைக்கு அவளது உம்மா மறுபடியும் விண்ணப்பம் கொடுக்கப் போகிறார். "ஒரு ஆள் கூட வந்தா தைரியமா இருக்கும் மகள்" என்றார். வருவதாகச் சொல்லியிருக்கிறேன். சட்டத்தின் இலக்கத்தை ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன்.