புல்லாங்குழலுக்கு அடுத்து என்ன?

பத்து வருஷமா புல்லாங்குழலோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ரெண்டாவதா ஒரு வாத்தியம் கத்துக்கலாம்னு ஆசை. அதுவும் இரட்டை நாணல் வாத்தியமா இருக்கணும். அதாவது ரெண்டு நாணல் பட்டை ஒண்ணோட ஒண்ணு அதிர்ந்து சத்தம் வர்ற வகை. ஓபோ, ஷெனாய், நாகஸ்வரம் எல்லாம் ஒரே குடும்பம்தான்.

முதல்ல மனசு ஓபோ மேலதான் போச்சு. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா முழுக்க அது கொடுக்கிற சுரத்துக்குத்தான் சுருதி சேர்த்துக்கும். ஆனா அது கீ வச்ச வாத்தியம். துளையைப் பாதி மூடி கமகம் இழைச்சுப் பழகின விரலுக்கு ஒத்து வராது. விலையும் கையைக் கடிக்கும். ஷெனாய்? பிஸ்மில்லா கான் வாசிச்சதைக் கேட்டா ஆசை வரத்தான் செய்யுது. ஆனா நான் கத்துக்கிட்டது கர்நாடக சங்கீதமாச்சே.

கடைசியில நாகஸ்வரம்தான்னு வீட்டில் சொன்னேன். "எந்தக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போறே?"ன்னு ஒரே சிரிப்பு.

இதுதான் எனக்கு உறுத்துது. வயலின் கத்துக்கிட்டா பெருமை. நாகஸ்வரம்னா மட்டும் "அது அவங்க தொழில்". ராஜரத்தினம் பிள்ளையோட தோடியைக் கேட்டு உருகுவோம், நம்ம வீட்டுப் பிள்ளை கையில அதைக் கொடுக்க மாட்டோம். 'தொழில்'ங்கிறது இங்கே சாதிக்கு நாம வச்சிருக்கிற நாகரிகமான பேரு, வேற ஒண்ணுமில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். நாகஸ்வரத்துக்கும் ஏழு விரல் துளைதான், அதனால புல்லாங்குழல்காரனுக்குப் பாதி வேலை மிச்சம். மீதிப் பாதி சீவாளியில இருக்கு. உதட்டு அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் சுருதி ஓடிடும். சீவாளி தேயும், கிழியும், மாத்திக்கிட்டே இருக்கணும். அதனால என் கட்சி இதுதான்: இரட்டை நாணல் வாத்தியம் எடுக்கிறவங்க முதல்ல நாணல் எங்கே கிடைக்கும்னு பார்க்கணும். நமக்கு அதில் கவலை இல்லை. சீவாளிக்குத் திருவாவடுதுறை, வாத்தியத்துக்கு நரசிங்கம்பேட்டை. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

குறியீடு கிடைச்சா மட்டும் போதுமா? வாசிக்க ஆள் வேணாமா? கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும்னு ஒதுக்கி வச்சா, சீவாளி செய்யறவர் யாருக்கு விப்பார்?

ஒரே ஒரு சிக்கல், சத்தம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசிச்சா அசோசியேஷன் கூட்டம் போட்டுடுவாங்க :-) மொட்டை மாடியோ ஆத்தங்கரையோ பார்த்துக்க வேண்டியதுதான்.

அப்புறம், எந்தக் கல்யாணத்துக்குன்னு கேட்டவங்களுக்கு: நம்பிக் கூப்பிடுற அளவுக்கு வாசிக்க வந்துட்டா, எந்தக் கல்யாணமா இருந்தாலும் சரி. அதுக்கு மேல என்ன பெருமை வேணும்?